பிணம் ஏறிய படகு நிற்காது

சோளமாவில் கிண்டிய அக்ப்லே உருண்டையைத் தொடாமல் அக்பெகோ உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே என்னவோ நடந்துவிட்டது என்று செஃபாகோருக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தொரு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் சாப்பாட்டை ஒதுக்கியது இரண்டே தடவைதான். ஒன்று, மூத்தவள் காஃபுயிக்கு மலேரியா முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. இன்னொன்று, படகின் பழைய எஞ்சின் கழன்று ஏரிக்குள் விழுந்தபோது. எஞ்சினுக்குத்தான் கூடுதல் நாள் பட்டினி கிடந்தான் என்று அவள் அவ்வப்போது சொல்லிக் காட்டுவதுண்டு.

"என்ன, குழம்புல உப்பு கூடிப்போச்சா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பொறவு?"

"பசிக்கல."

"நீங்க பசிக்கலன்னு சொன்னா நான் நம்பணுமாக்கும். எஞ்சினுக்கு என்ன?"

"எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல."

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வடக்கேயிருந்து ஹார்மட்டான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வோல்டா ஏரியின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை தெரிந்து நான்கு நாளாகிவிட்டது. எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது. செஃபாகோர் சட்டியை மூடி வைத்துவிட்டு மீன் அடுப்புக்குப் போனாள். இடுப்பு உயரத்துக்கு மண்ணால் கட்டிய வட்ட அடுப்பு அது. மேலே கம்பிவலைத் தட்டுகள் மூன்றை அடுக்கியிருந்தாள். கீழ்த்தட்டு மீனை மேலே ஏற்றி, மேலே இருந்ததைப் புரட்டிக் கீழே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கருகும், ஒன்று பச்சையாக நிற்கும்.

அக்பெகோ எழுந்து வந்து புகை அடிக்கிற பக்கமாகவே குந்தினான்.

"இடிச்சிட்டேன்," என்றான்.

"மரத்துலயா?"

"மரமா இருந்தா சாப்பிட்டிருப்பேன்."

அவள் கையில் இருந்த மீனைத் தட்டில் வைத்தாள். அணை கட்டி ஏரியானபோது அங்கே ஒரு காடு மூழ்கியது. நடு ஏரியில் இன்றைக்கும் மொட்டை மரங்கள் நிற்கின்றன. அவற்றில் இடிக்காத படகு அவர்களுடைய டோவே துறையில் கிடையாது. ஆனால் மரத்தில் இடித்தவன் இப்படிப் புகைக்குள் வந்து உட்காரமாட்டான்.

அன்று விடிகாலையில் அவன் டவுன் ஆஸ்பத்திரியின் பிணவறையிலிருந்து ஊர் வாத்தியாரின் உடலை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். பெட்டி நடுவில், சுற்றிலும் சிவப்பும் கறுப்பும் உடுத்திய இருபது பேர். படகின் மூக்கில் அந்த வீட்டார் துக்கத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதை மூன்றாம் நாள் அவர்களே வந்துதான் அவிழ்ப்பார்கள். மொட்டை மரங்களுக்கு இடையே வரும்போது புழுதிக்குள்ளிருந்து ஒரு மீன்காரனின் தோணி எதிரே முளைத்தது. அக்பெகோ எஞ்சின் கைப்பிடியை வெட்டித் திருப்பினான். முக்கால்வாசி தப்பியது, கால்வாசி தப்பவில்லை.

"தோணி கவுந்துச்சு. நான் எஞ்சினைக் குறைச்சேன். வாத்தியாரு தம்பி டெக்போர் பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டாரு. நிறுத்தாதே, எங்கண்ணனை நடு ஏரியில எறக்கிவிடப் போறியான்னு கத்துறாரு. பொம்பளைங்களும் கத்துறாங்க."

செஃபாகோருக்கு அது புரியாமல் இல்லை. பிணம் ஏறிய படகு சொந்தத் துறையைத் தொடும்வரை நிற்காது, மூக்கைத் திருப்பாது. நின்றால் செத்தவர் அந்த இடத்தையே தன் துறை என்று நினைத்து இறங்கிவிடுவார். அப்புறம் துணைக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இந்தக் கரையில் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கிற ஆசையும் யாருக்கும் வந்ததில்லை.

"அப்ப அந்த ஆளு?"

"திரும்பிப் பாத்தேன். ஒரு கை தோணியைப் பிடிச்சிருந்துச்சு. இன்னொரு கையைத் தூக்கினான்."

"தூக்கினானா?"

"பொணப் படகைப் பாத்தா மீன்காரனுங்க துடுப்பை நிறுத்திட்டுக் கையைத் தூக்குவாங்கல்ல. மரியாதைக்கு. அதுதான்னு நெனச்சேன்."

"கவுந்த தோணியைப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தன் மரியாதை பண்ணுவானா, காஃபுயி அப்பா?"

"அப்ப அப்படித்தான் தோணுச்சு."

"இப்ப?"

"இப்ப பசிக்கல."

அவள் மீனை எல்லாம் புரட்டி முடித்து, கையைக் கழுவி, வீட்டுக்குள் போனாள். கூரைக்கம்பில் தொங்கிய பிளாஸ்டிக் பையை இறக்கினாள். ஞானஸ்நானச் சீட்டுகளுக்கும் காஃபுயியின் நர்ஸ் படிப்புக் கடிதத்துக்கும் நடுவில் படகு உரிமம் இருந்தது. உரிமம் அவள் பேரில்தான். ஒன்பது வருஷம் மீனைப் புகைபோட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வாங்கிய படகு. நன்றி என்று பொருள்பட 'அக்பே' என்று மூக்கில் எழுதச் சொன்னவளும் அவள்தான். பேருக்குக் கீழே அரசாங்க எண், முந்நூற்றுப் பதினேழு. இரண்டும் இப்போது துணிக்குள் இருந்தன.

உரிமத்தின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் கட்டளைகள் இருந்தன. எஞ்சின் டப்பாவில் இருக்கிற எழுத்தைத் தவிர அக்பெகோ வேறெதையும் வாசிக்கமாட்டான். அவள் நடுநிலைப்பள்ளி முடித்தவள். விரலை வைத்து வாசித்தாள்.

"யார் தப்புன்னு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல படகை நிறுத்துன்னு போட்டிருக்கு. ஆபத்துல கெடக்கறவனுக்கு முடிஞ்ச ஒதவியைச் செய்யணும். பேரு, ஊரு, படகு நம்பர் மூணையும் அவன்கிட்ட சொல்லணும். அடிபட்டாலோ, செத்தாலோ, காணாமப் போனாலோ இருவத்துநாலு மணி நேரத்துக்குள்ள ஆபீசுல வந்து சொல்லணும். ஓட்டினவரும் சொல்லணும், படகுக்காரரும் சொல்லணும். சொல்லலன்னா உரிமம் போகும், ஜெயிலும் உண்டு."

"பொணம் இருந்தா வேண்டாம்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"முன்பக்கமும் பாத்துட்டேன். இல்ல."

அக்பெகோ தலையைக் குனிந்துகொண்டான். அவன்மேல் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் விறகைப் பிளக்கப் போனாள்.

மூன்று மணிக்கு டெக்போரே வந்துவிட்டார். செத்த வாத்தியாருக்குத் தம்பி, மரக்கடைக்காரர், அந்த வீட்டுக்கு இனி அவர்தான் தலை. கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு ஜின் பாட்டிலோடு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார், வீட்டாரை விசாரித்தார், காஃபுயியின் படிப்பை விசாரித்தார், மீன் விலையை விசாரித்தார். பிறகுதான் பாட்டிலைப் பெஞ்சின்மேல் வைத்தார்.

"அந்த ஆளு பொழைச்சிட்டான். எட்சேன்னு பேரு, அக்கரைக்காரன். கால் ஒடிஞ்சிருக்கு. மொட்டை மரத்தைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் கெடந்திருக்கான். அவங்க ஊர்க்காரனுங்க பாத்துத் தூக்கியிருக்காங்க. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கான்."

அக்பெகோ கண்ணை மூடித் திறந்தான். "பொழைச்சிட்டானா?" என்றான். மறுபடியும் அதையே கேட்டான்.

"பொழைச்சிட்டான்னுதானே சொல்றேன். போலீஸ் கேட்டதுக்குத் துணி கட்டின படகுன்னு மட்டும் சொல்லியிருக்கான். இன்னிக்கு ஏரியில துணி கட்டின படகு மூணு. நம்பர் எதுலயும் தெரியல. யாருன்னு யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்ல."

"எஃபோ டெக்போர், உங்களுக்குத் தெரியும்ல? படகுல இருந்த இருவது பேருக்கும் தெரியும்ல?" என்றாள் செஃபாகோர். ஆண்களை எஃபோ என்றும் பெண்களை டாவி என்றும் அழைப்பது அந்தக் கரையின் மரியாதை.

"எங்க வீட்டு சனம் வாயைத் தொறக்காது. நாளைக்கு அடக்கம், டாவி. அக்ராவுலேருந்து ஆளுங்க வந்து எறங்கியாச்சு. ரெண்டு மாடு வெட்டியாச்சு. வழியில ஒருத்தனை இடிச்சுட்டு வந்த பொணம்னு பெரியவங்க காதுல விழுந்தா குழி வெட்டவே விடமாட்டாங்க. பரிகாரம் அது இதுன்னு நாலு நாள் இழுப்பாங்க. எங்கண்ணன் நாப்பது வருஷம் இந்தக் கரைக்குப் பாடம் சொன்ன மனுஷன். ஐஸ் கட்டியில கெடக்கணுமா?"

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று செஃபாகோருக்குத் தெரிந்தது. அதனால்தான் அடுத்து அவர் சொன்னது அவளுக்கு இன்னும் கசந்தது.

"நீங்க போய்ச் சொன்னீங்கன்னு வச்சுக்குவோம். எங்க வீட்டு ஆளும் சாமானும் இனிமே உங்க படகுல ஏறாது. இன்னொண்ணு. போலீஸ் எங்களைக் கேட்டா, நிறுத்தச் சொல்லிக் கத்தினோம், அவன்தான் நிறுத்தலன்னுதான் சொல்லுவோம்."

அக்பெகோ நிமிர்ந்து அவரைப் பார்த்தான். டெக்போர் பார்வையை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாட்டிலை வைத்துவிட்டு, சொல்லிக்கொண்டு போனார். செஃபாகோர் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் வாசலுக்கு வெளியே அவர் கையில் கொடுத்தாள். துக்க வீட்டுக்கு வேண்டியிருக்கும் என்று மரியாதையாகவே சொன்னாள்.

வெயில் சாயும்போது பென்சா வந்தான். அதே துறையில் படகு ஓட்டுகிறவன், வாய்க்கு வேலி இல்லாதவன். அன்றைக்குத் துணி கட்டிய மூன்று படகில் ஒன்று அவனுடையது.

"டாவி, என் படகைக் கட்டிப் போட்டுட்டாங்க தெரியுமா? மூக்குல கீறல் இருக்காம். அது போன மழைக்கு மரத்துல வாங்கின கீறல். ஊருக்கே தெரியும். போலீசுக்குத் தெரியலையே. எஞ்சினைக் கழட்டித் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"உன் படகு துணிக்கு என்ன ஆச்சு?"

"என் படகுல வந்தவங்க சபைக்காரங்க. மூணாம் நாள் சடங்கெல்லாம் கிடையாது. எறங்கின கையோட அவுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அதான் என் மூக்கு வெளியே தெரியுது." அவன் அக்பெகோவைப் பார்த்தான். பிறகு துறைப் பக்கம் பார்த்தான். "உங்க மூக்கு துணிக்குள்ள இருக்கு. நான் ஒண்ணும் கேக்கல. திங்கக்கெழமை சந்தை போச்சேன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

அவன் போன பிறகு செஃபாகோருக்குப் பயமாக இருந்தது. படகு போனால் மறுபடியும் மீன் அடுப்பு மட்டும்தான். காஃபுயியின் படிப்பு இரண்டாம் வருஷத்தில் நிற்கும். புருஷன் ஜெயிலுக்குப் போனாலும் போவான். துணி அவிழும்போது மூக்கில் நாலு ஆணி அடித்து, வர்ணம் பூசினால் விஷயம் முடிந்தது. இப்படி நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இல்லை. நினைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனால் பென்சாவின் எஞ்சினை யாரோ தோளில் தூக்கிப் போவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. மரத்தைக் கட்டிப் பிடித்த ஒருவனும் வந்தான்.

"காலையில போறோம்," என்றாள்.

"படகுக்குத் தீட்டு இன்னும் கழுவல. மூணாம் நாள் வரைக்கும் தண்ணியில எறங்கக் கூடாது."

"வேற படகுல போய் எதைக் காட்டுவீங்க? இடிச்ச படகைத்தானே காட்டணும்?"

"துணி?"

"அதை நான் பாத்துக்கறேன். படகு என்னுது."

சனிக்கிழமை விடியும்போது துறை முழுக்க ஆள். அடக்கத்துக்குச் சமைக்கிற பெண்கள் அண்டாக்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அக்ராவிலிருந்து வந்த விருந்தாளிகள் தண்ணீர் குளிர்கிறது என்று முனகிக்கொண்டே குளித்தார்கள். செஃபாகோர் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கைப் பிடித்து, முடிச்சில் கையை வைத்தாள். நனைந்து காய்ந்து, புழுதி ஏறி இறுகிப்போன முடிச்சு. நகம் ஒடிந்ததுதான் மிச்சம். பல்லால் கடித்து இழுத்தாள். அண்டா தேய்க்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

டெக்போர் துண்டோடு ஓடி வந்தார்.

"டாவி, அது எங்க துணி."

"தெரியும், எஃபோ. மடிச்சுத் தாரேன்."

"மூணாம் நாள் நாங்க அவுக்கணும். நீ தொடக் கூடாது."

"பேரைச் சொல்லணும், நம்பரைச் சொல்லணும்னு உரிமத்துல போட்டிருக்கு. மூடி வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

முடிச்சு விட்டது. சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து உதறி, நாலாக மடித்து, வலது கையால் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். துணி இருந்த இடத்தில் 'அக்பே' என்ற பேரின் பாதி சிதைந்திருந்தது. பலகைப் பிளவில் நீல வலைநூல் ஒரு முழம் சிக்கித் தொங்கியது. எண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்நூற்றுப் பதினேழு பளிச்சென்று தெரிந்தது.

பென்சா கரையில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். எண்ணைப் பார்த்தான், நூலைப் பார்த்தான். எழுந்து வந்து படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான்.

ஏரிப் போக்குவரத்து அலுவலகம் டவுன் துறையிலேயே இருந்தது. அதிகாரி அம்மாவின் வீடு அதன் பின்புறம். வாயில் பல்குச்சியோடு, மார்பில் துணியை முடிந்துகொண்டு அவள் கதவைத் திறந்தாள். அவர்களையும் பார்த்தாள், துறையில் கிடந்த படகையும் பார்த்தாள். குச்சியை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நாற்பது.

"எத்தனை மணிக்கு இடிச்சீங்க?"

"ஏழு இருக்கும் மேடம். நேத்து," என்றான் அக்பெகோ.

"இருவது நிமிஷம் இருக்கு. உக்காருங்க."

அலுவலகத்தைத் திறந்து, ஜன்னலைத் தள்ளி, மேசையில் படிந்திருந்த புழுதியைத் துடைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். பேர், ஊர், படகு எண், எஞ்சின் எண் என்று வரிசையாகக் கேட்டு எழுதினாள். அவளுக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நெல் அளக்கிறவளின் கவனம்தான் இருந்தது.

"படகுல எத்தனை பேரு?"

"இருவது. நான் ஒண்ணு. வாத்தியார் ஒண்ணு."

"வாத்தியார்ங்கிறது?"

"பெட்டியில இருந்தவரு."

"அவரை எண்ணிக்கையில சேக்க முடியாது. இடிச்சதும் நிறுத்தினீங்களா?"

"எஞ்சினைக் குறைச்சேன்."

"நிறுத்தினீங்களான்னு கேட்டேன்."

"இல்ல."

செஃபாகோரால் பொறுக்க முடியவில்லை. "நிறுத்தப் போனாரு மேடம். டெக்போர்தான் நிறுத்தாதேன்னு கத்தினாரு. இப்ப மாத்திச் சொல்லப் போறாங்க."

"அவங்க சொல்றதை அவங்ககிட்ட கேட்டுக்கறேன். நீங்க சொன்னதையும் எழுதிக்கறேன்." அதிகாரி அக்பெகோவிடம் திரும்பினாள். "கைப்பிடி யார் கையில இருந்துச்சு?"

"என் கையில."

"கடைசி கேள்வி. விழுந்தவருக்கு என்ன ஒதவி செஞ்சீங்க?"

அக்பெகோ அந்தக் கட்டத்தைப் பார்த்தான். மற்ற கட்டங்களைவிட அது பெரியது. நாலு வரி எழுத இடம் இருந்தது. வெளியே ஒரு படகு வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கூடை இறக்குகிறவர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

"ஒண்ணும் செய்யலன்னு எழுதுங்க மேடம்."

எழுதினாள். ஒரே வார்த்தைதான், மீதி இடம் காலியாகக் கிடந்தது. பிறகு உரிமத்தை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டாள். வழக்கு முடியும்வரை படகு இங்கேயே கட்டியிருக்கும் என்றாள். பென்சாவின் எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கும்படி போலீசுக்கு ஒரு சீட்டு எழுதினாள். அவர்கள் எழுந்தபோது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது.

"வந்து சொன்னதை நான் கோர்ட்டுல சொல்லுவேன். ஆனா அந்தக் கட்டத்தை என்னால மாத்த முடியாது. அது அந்த நேரத்துக்கான கட்டம்."

ஆஸ்பத்திரியில் எட்சே ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். நாற்பது வயசு இருக்கலாம், ஒல்லியான ஆள். மாவுக்கட்டுப் போட்ட கால் ஒரு கம்பியில் தொங்கியது. பொரித்த மீனோடு, புளித்த சோளமாவை இலையில் கட்டி அவித்த கெங்கே தின்றுகொண்டிருந்தான். அவன் தின்பதைப் பார்த்ததும் செஃபாகோருக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரைக்கும் அவளுக்கு அழுகை வரவில்லை.

அக்பெகோ கட்டிலின் கால்மாட்டில் நின்று, பள்ளிக்கூடப் பையனைப் போல ஒப்பித்தான்.

"என் பேரு அக்பெகோ. ஊரு டோவே. படகு நம்பர் முந்நூத்துப் பதினேழு."

"தெரியும், எஃபோ," என்றான் எட்சே.

"தெரியுமா?"

"டோவே துறையில மஞ்சத் தொப்பி போட்டு ஓட்டுறது நீங்க ஒருத்தர்தான். படகு மூக்கைத் துணி மூடிச்சு. ஒங்க தலையை என்ன மூடிச்சு?"

"பின்ன ஏன் போலீசுகிட்ட சொல்லல?"

எட்சே முள்ளை எடுத்து இலையோரத்தில் வைத்தான். "இடிச்சவனுக்கு ஒரு நாள் டைம் இருக்குன்னு போலீஸ்காரர் சொன்னாரு. சரி, சனிக்கெழம ஏழு மணி வரைக்கும் பாப்போம்னு விட்டேன். ஏழு அடிச்சிருந்தா சொல்லியிருப்பேன். நர்ஸம்மா வந்து சொன்னாங்க, ஆபீசுக்கு முன்னால மூக்கு ஒடஞ்ச படகு ஒண்ணு நிக்குதுன்னு. அப்பறம்தான் சாப்பாடு கேட்டேன்."

அக்பெகோவுக்குக் கேட்காமல் போக முடியவில்லை.

"நீ கையைத் தூக்கினே. அது..."

"ரெண்டு தடவை தூக்கினேன்," என்றான் எட்சே. "மொதல் தடவை வாத்தியாருக்கு. நானும் அவர்கிட்ட ரெண்டு வருஷம் படிச்சவன், எஃபோ. துணியைப் பாத்ததும் கை தானாப் போயிடுச்சு, கால் ஒடிஞ்சதே தெரியல. அப்பறம்தான் வலி வந்துச்சு. ரெண்டாவது தடவை எனக்காகத் தூக்கினேன். அதுக்குள்ள நீங்க மூஞ்சியைத் திருப்பிட்டீங்க."

அவன் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதைச் சொல்வது மாதிரிதான் சொன்னான். அக்பெகோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வந்திருந்தான். அந்த வார்த்தை இப்போது அவனுக்கே சின்னதாகப் பட்டது.

"என் வலை அங்கேயே கெடக்கு," என்றான் எட்சே. "மூணு வலை. ரெட்டை மரத்துலேருந்து தெக்கே. நேத்து எடுத்திருக்கணும். மீனு அழுகிடும், வலையும் கெட்டுப்போயிடும். எம் பொண்டாட்டி மாசமா இருக்கா, அவளால ஆகாது."

"நான் எடுக்கறேன்."

"இன்னிக்கு மட்டும் எடுத்தாப் போதாது. கால் எலும்பு சேர மூணு மாசம் ஆகுமாம்."

"மூணு மாசமும் எடுக்கறேன்."

வாத்தியாரின் அடக்கம் அன்று சாயங்காலம்தான் நடந்தது. பெரியவர்கள் ஒரு ஆட்டை அறுத்து, ஏரியில் கொஞ்சம் மதுவை ஊற்றி, ஒரு மணி நேரம் டெக்போரைத் திட்டிவிட்டு, குழி வெட்டச் சொல்லிவிட்டார்கள். அவர் பயந்த நாலு நாள் இழுவை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டார் செஃபாகோரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோர்ட்டில் அவர்களில் ஆறு பேர் வந்து, நிறுத்தச் சொல்லித்தான் கத்தினோம் என்று பைபிளில் கை வைத்துச் சொன்னார்கள். படகுக்கு ஆறு மாசம் உரிமம் கிடையாது என்றும், எட்சேவுக்குப் புதுத் தோணி செய்து கொடுக்க வேண்டும் என்றும் மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார். ஜெயில் இல்லை. காஃபுயி படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் போகலாம் என்று அவளே சொல்லிவிட்டு அம்மாவோடு அடுப்பில் நின்றாள்.

தினமும் விடியலில் அக்பெகோவும் செஃபாகோரும் இரவல் தோணியில் எட்சேயின் வலைக்குப் போனார்கள். எஞ்சின் கைப்பிடியில் பழகிய கை துடுப்பில் கொப்புளித்தது. அவன் இழுப்பான், அவள் மீனைக் கழற்றித் தண்ணீர் இறைப்பாள். மீன் அக்கரைக்குப் போகும். எட்சேயின் மனைவி தருகிற பங்கை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். வைத்ததை அக்பெகோ தின்றான். ஆனால் இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதை அந்த வெள்ளிக்கிழமையோடு விட்டிருந்தான். அதுதான் செஃபாகோரை உள்ளுக்குள் அரித்தது.

இரண்டாம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. புழுதி அடங்கி, முதல் மழைக்கு வானம் கூடிக்கொண்டிருந்தது. ரெட்டை மரத்தருகே வலையைப் பாதி தூக்கியிருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. பென்சாவின் படகு. நடுவில் பெட்டி, சுற்றிலும் சிவப்பும் கறுப்பும். மூக்கில் துக்கத் துணி கட்டியிருந்தது. ஆனால் ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டியிருந்தான். எண் முழுசாகத் தெரிந்தது.

அக்பெகோ இடது கையில் வலையைப் பிடித்துக்கொண்டு வலது கையைத் தூக்கினான்.

எஞ்சின் சத்தம் குறைந்தது. பிறகு அறவே நின்றது. படகில் ஒரு கூச்சல் எழுந்தது. கிழவர் ஒருவர் எழுந்து நின்று பென்சாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். பென்சா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எஃபோ," என்று தண்ணீருக்கு மேலே கூப்பிட்டான். "அந்தக் கை பெட்டியில இருக்கறவங்களுக்கா, உங்களுக்கா?"

செஃபாகோர் இறைத்துக்கொண்டிருந்த சட்டியை அப்படியே பிடித்திருந்தாள். அக்பெகோ தொண்டையைச் செருமினான்.

"அவங்களுக்குத்தான். எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீ போ."

"டாவி, நெசந்தானா?"

"நெசந்தான், போ," என்றாள் செஃபாகோர்.

பென்சா இருவரையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். இரண்டு இழுப்புக்கு அசையாத எஞ்சின் மூன்றாவதுக்குப் பிடித்தது. கிழவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தது காற்றில் வந்தது. படகு மரங்களைத் தாண்டும்வரை அக்பெகோ கையை இறக்கவில்லை. வலை நழுவுகிறது என்று அவள் அதட்டிய பிறகுதான் இறக்கினான்.

இரண்டு பேருமாகப் பிடித்து மீதி வலையை இழுத்துப் போட்டார்கள். துடுப்பை எடுக்கும்போது அவன் கேட்டான்.

"வீட்டுல வெண்டைக்கா இருக்கா?"